குபெர்னெட்டீஸில் ஒரு அம்சம் வருவதும் போவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல கணினிகளைச் சேர்த்து ஒரு கிளஸ்டராக்கி, அதில் கன்டெய்னர்களை (செயலியும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதிகளை) ஓட்டும் மென்பொருள் குபெர்னெட்டீஸ். வருடத்துக்கு மூன்று முறை அதன் புது வெளியீடு வருகிறது. அதே மூன்று முறை எங்கள் குழுவின் சாட்டில் அதே கேள்விகளும் வருகின்றன. "இது பீட்டாவாமே, போடலாமா?" "டெப்ரிகேட் பண்ணிட்டாங்களாமே, அவ்வளவுதானா?" தனித்தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கிளஸ்டர்களைப் பராமரிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பிறர் பயன்படுத்துவதற்காக ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வெளியிடும் எவருக்கும் பாதியாவது பொருந்தும்.

எதற்கு இத்தனை நிலைகள்? எழுதி, சோதித்து, வெளியிட்டால் முடிந்ததே?

உங்கள் மென்பொருளை நீங்கள் மட்டும் பயன்படுத்தினால் முடிந்தது. குபெர்னெட்டீஸ் 2015 ஜூலையில் 1.0 ஆனது. அதன் ஏபிஐயை நம்பி யார் யாரோ எழுதிய யாம்ல் கட்டமைப்புக் கோப்புகளும், அவற்றைத் தொகுப்பாக நிறுவும் ஹெல்ம் கருவியின் சார்ட்டுகளும், செயலிகளைத் தானாகப் பராமரிக்கும் ஆப்பரேட்டர் நிரல்களும் உலகம் முழுக்க ஓடுகின்றன. ஒரு புலத்தின் (ஃபீல்ட்) பெயரை மாற்றினால் எங்கே என்ன உடையும் என்று மாற்றியவருக்கே தெரியாது. ஆனால் புழக்கத்துக்கு விடாமல் அந்தப் புலம் சரியாக வடிவமைக்கப்பட்டதா என்றும் தெரியாது. "பயன்படுத்திப் பாருங்கள், ஆனால் இன்னும் சத்தியம் பண்ணவில்லை" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். ஆல்பா, பீட்டா, ஸ்டேபிள் என்ற மூன்று நிலைகளும் அதற்குத்தான்.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆல்பா, நண்பன் அறையில் ஒட்டிக்கொண்டு இருப்பது. "மச்சி, ஊர்லேர்ந்து அண்ணன் வர்றான்" என்று சொன்னால் அன்றைக்கே பெட்டியைத் தூக்க வேண்டும். பீட்டா, 11 மாத வாடகை ஒப்பந்தம். காலி பண்ணச் சொல்லலாம், ஆனால் நோட்டீஸ் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். ஸ்டேபிள், சொந்த வீடு.

ஆல்பா அம்சத்தை எப்போது தொடலாம்?

தூக்கி எறியக்கூடிய கிளஸ்டரில் எப்போது வேண்டுமானாலும் தொடலாம். ஆல்பா அம்சங்கள் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அடுத்த வெளியீட்டில் வடிவம் மாறலாம், அம்சமே காணாமல் போகலாம், முன்னறிவிப்பு எதுவும் வராது. கூகுளின் மேலாண்மைக் கிளஸ்டர் சேவையில் ஆல்பா அம்சங்களைத் திறந்துவிட்ட கிளஸ்டர் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். ஆல்பாவுக்கு இதைவிட நேர்மையான விளக்கம் நான் பார்த்ததில்லை.

பாட்பிரீசெட் என்று ஒன்று இருந்தது. பாட்கள் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் சிறு தொகுப்புகள்) உருவாகும்போது சில சூழல் மாறிகளையும் வால்யூம்களையும் தானாகச் செருகும். பல வெளியீடுகளாக ஆல்பாவிலேயே கிடந்து, பீட்டாவை எட்டாமலே 1.20இல் நீக்கப்பட்டது. அதை நம்பி ப்ரொடக்ஷன் கட்டியவர்கள் புகார் சொல்லக்கூட இடமில்லை.

பீட்டா என்றால் "கொஞ்சம் பிழை இருக்கும்" என்றுதானே அர்த்தம்?

கிட்டத்தட்ட எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தப்பு என்று சொன்னால் வாதத்துக்கு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீட்டா என்ற சொல்லுக்கு நம் மனதில் உள்ள படத்தை ஜிமெயில் போன்றவை வரைந்து வைத்தன. 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயில், 2009 ஜூலையில்தான் பீட்டா பட்டையைக் கழற்றியது. இடைப்பட்ட ஐந்து வருடமும் கோடிக்கணக்கானோர் அதில்தான் வேலை விண்ணப்பம் அனுப்பினார்கள். அங்கே பீட்டா என்பது லோகோவுக்குக் கீழே தொங்கிய ஒரு அடக்கம், அவ்வளவுதான். மற்ற இடங்களிலோ "முடிக்காமல் விட்டது" என்ற பொருளில் வருகிறது.

குபெர்னெட்டீஸில் பீட்டா என்றால் அம்சம் நன்கு சோதிக்கப்பட்டது, திறந்து வைப்பது பாதுகாப்பானது என்று அர்த்தம். உறுதியாகாதது அதன் வடிவம். புலத்தின் பெயரும் கட்டமைப்பும் மாறலாம். மாறினால் இடம்பெயரும் வழியைச் சொல்வார்கள், அவகாசமும் தருவார்கள். அதாவது ஒரு அம்சம் எவ்வளவு நன்றாக ஓடும் என்பதை இந்தப் பெயர் சொல்லவில்லை. எவ்வளவு நாள் இதே முகத்தோடு இருக்கும் என்பதைத்தான் சொல்கிறது.

இன்கிரெஸ்ஸைப் பாருங்கள். வெளி உலகத்தின் எச்டிடிபி கோரிக்கையைக் கிளஸ்டருக்குள் உள்ள சர்வீஸுக்கு அனுப்பும் விதிகள். 2015இல் 1.1 வெளியீட்டில் பீட்டாவாக வந்தது. ஸ்டேபிள் ஆனது 2020 ஆகஸ்டில், 1.19இல். கிட்டத்தட்ட ஐந்து வருடம் எத்தனையோ தளங்களின் போக்குவரத்து ஒரு பீட்டா ஏபிஐ வழியாகப் போய்க்கொண்டிருந்தது, யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான்ஜாப்பும் அப்படித்தான்: 1.8இல் பீட்டா, 2021 ஏப்ரலில் 1.21இல்தான் ஸ்டேபிள்.

இதில் ஒரு வியாதி ஒளிந்திருக்கிறது. பீட்டா இயல்பாகவே திறந்திருந்தது, எல்லோரும் பயன்படுத்தினார்கள், புகாரும் இல்லை. அப்புறம் யார் மெனக்கெட்டு அதை ஸ்டேபிள் ஆக்குவார்கள்? "நிரந்தர பீட்டா" என்று பெயர் வைத்து இதற்கு இரண்டு மருந்து கொடுத்தார்கள். முதலாவது 2020இல்: பீட்டா ஏபிஐ ஒன்று சுமார் 9 மாதத்துக்குள் ஸ்டேபிள் ஆக வேண்டும், அல்லது புது பீட்டாவாக வர வேண்டும், இல்லையேல் ஓய்வுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவது 2022இல், 1.24இலிருந்து: புதிதாக வரும் பீட்டா ஏபிஐகள் இயல்பாக அணைந்தே இருக்கும், வேண்டுமானால் நீங்கள்தான் திறக்க வேண்டும். பழைய பீட்டாக்களுக்கு இந்த விதி இல்லை. எனக்குக் கேட்டால் இரண்டாவது மருந்துதான் வேலை செய்தது. கெடு வைத்தால் மனிதர்கள் கெடுவைத் தள்ளிப்போடுவார்கள். கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே போகிறவர் கண் திறந்துதான் போவார்.

ஃபீச்சர் கேட் என்பது இந்த நிலைகளோடு எப்படிச் சேர்கிறது?

ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு சுவிட்ச். ஆல்பாவில் இயல்பாக அணைந்திருக்கும், பீட்டாவில் பெரும்பாலும் எரியும் (மேலே சொன்ன 1.24 விதி புது பீட்டா ஏபிஐகளுக்குத்தான்), ஸ்டேபிளில் எரிந்தபடியே பூட்டப்படும். பூட்டிய சுவிட்ச் சில வெளியீடுகள் சுவரில் இருக்கும், பிறகு சுவிட்சையே பிடுங்கிவிடுவார்கள். கட்டமைப்புக் கோப்பில் அந்தப் பெயர் இன்னும் எழுதியிருந்தால் "இப்படி ஒரு கேட் தெரியாது" என்று, ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரில் உள்ள கணினி) பாட்களை ஓட்டும் நிரலான குபெலெட் எழாமலே கிடக்கும். அம்சம் ஜெயித்து ஸ்டேபிள் ஆனதற்காக நம் நோடு படுத்துக்கொள்வதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

வி1ஆல்பா1, வி1பீட்டா1, வி1 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, இவை வேறு வேறு பொருள்களா?

இல்லை. பொருள் ஒன்றுதான், பார்க்கும் சாளரங்கள் வேறு. கிளஸ்டரின் தரவுக் கிடங்கான எட்சிடியில் ஒரு இன்கிரெஸ் ஏதோ ஒரு பதிப்பின் வடிவில் இருக்கும். நீங்கள் எந்தப் பதிப்பில் கேட்டாலும் ஏபிஐ செர்வர் மாற்றித் தரும். போகும்போதும் வரும்போதும் தகவல் எதுவும் தொலையக் கூடாது என்பது விதி.

அதனால்தான் "பீட்டா பதிப்பை நீக்கிவிட்டார்கள், ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் நின்றுவிடுமா?" என்ற கேள்விக்கு, பொருள் அழியாது என்று தைரியமாகச் சொல்கிறேன். ஒரு சாளரம் சாத்தப்பட்டது, அவ்வளவே. ஆனால் அந்தச் சாளரம் வழியாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்குக் கண் போய்விடும். 1.22இல் என்ன நடந்தது என்று கீழே சொல்கிறேன்.

ஒரு அம்சத்தின் முழுப் பயணத்தை ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

சைட்கார் கன்டெய்னர். முக்கியக் கன்டெய்னருக்குப் பக்கத்தில் லாக் அனுப்பவோ ப்ராக்ஸியாகவோ ஓடும் துணைக் கன்டெய்னர். முன்பு குபெர்னெட்டீஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாடில் உள்ள எல்லாக் கன்டெய்னரும் அதற்குச் சமம். அதனால் ஒரு பிரச்சினை: ஜாப் (ஓடி முடிய வேண்டிய வேலை) ஒன்றின் முக்கிய வேலை முடிந்த பிறகும் ப்ராக்ஸி ஓடிக்கொண்டே இருக்கும், ஜாப் "முடியவில்லை" என்றே காட்டும். எல்லோரும் ஷெல் ஸ்கிரிப்டில் ஏதோ ஒட்டுப்போட்டுச் சமாளித்தோம்.

இதைச் சரிசெய்யும் முன்மொழிவு பல வருடம் முன்பே தொடங்கியது. முதல் வடிவம் கரை சேரவில்லை. பிறகு வேறு மாதிரி யோசித்தார்கள்: புது வகைக் கன்டெய்னர் எதுவும் வேண்டாம், முக்கியக் கன்டெய்னருக்கு முன்பு ஓடும் இனிட் கன்டெய்னரின் மறுதொடக்கக் கொள்கையில் "எப்போதும்" என்று போட்டால் அது சைட்கார். ஒரே ஒரு வரி. 2023 ஆகஸ்டில் 1.28இல் ஆல்பா, அதே வருடம் டிசம்பரில் 1.29இல் பீட்டா, 2025 ஏப்ரலில் 1.33இல் ஸ்டேபிள். ஆல்பாவிலிருந்து பீட்டாவுக்கு நான்கு மாதம், பீட்டாவிலிருந்து ஸ்டேபிளுக்கு ஒன்றேகால் வருடத்துக்கும் மேல். பொதுவாகவே இரண்டாவது பகுதிதான் இழுக்கும். யோசனை சரி என்று நிரூபிப்பது சுலபம். இனி மாற்ற மாட்டோம் என்று கையெழுத்துப் போடும்போதுதான் பேனா நடுங்கும்.

டெப்ரிகேட் ஆகிவிட்டது என்றால் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை, இல்லவே இல்லை. "எடுக்கப் போகிறோம், வேறு இடம் பாருங்கள்" என்று அர்த்தம். அன்றைக்கு ஓடியது நாளைக்கும் ஓடும்.

இந்த ஒரு சொல் புரியாமல் நடந்த பெரிய கூத்து 2020 டிசம்பரில். 1.20 வெளியீட்டுக் குறிப்பில் டாக்கர்ஷிம் டெப்ரிகேட் ஆனதாக ஒரு வரி. குபெலெட்டுக்கும், கன்டெய்னர்களைக் கட்டி ஓட்டும் கருவியான டாக்கருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் போல இருந்த ஒரு துண்டு நிரல்தான் டாக்கர்ஷிம். மறுநாள் சமூக ஊடகம் முழுக்க "குபெர்னெட்டீஸ் டாக்கரைக் கைவிட்டது". டாக்கர்ஃபைல் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டுமா என்று எங்கள் டெவலப்பர்களே வரிசையில் வந்து கேட்டார்கள். கடைசியில் பதறாதீர்கள் என்ற தலைப்பிலேயே திட்டக் குழு ஒரு விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று.

நடந்தது இவ்வளவுதான். டாக்கரில் கட்டிய இமேஜ் (கன்டெய்னருக்கான கோப்புத் தொகுப்பு) பொதுத் தர வடிவில் இருப்பதால், கன்டெய்னர்களை ஓட்டும் இன்னொரு நிரலான கன்டெய்னர்டியிலும் அப்படியே ஓடும். டாக்கர் தேவையே என்றால் டாக்கர்ஷிம்மின் வேலையைச் செய்ய சிஆர்ஐ-டாக்கர்டி என்று தனி நிரல் வந்தது. டாக்கர்ஷிம் உண்மையில் நீக்கப்பட்டது 2022 மே மாதம், 1.24இல், அறிவிப்புக்கும் நீக்கத்துக்கும் நடுவே 17 மாதம். நிஜமாக அடிபட்டவர்கள் ஒரு சிறு கூட்டம்: நோடின் டாக்கர் சாக்கெட்டைப் பாடுக்குள் மவுண்ட் பண்ணி இமேஜ் கட்டியவர்கள், அதே சாக்கெட் வழியாக லாக்கோ கண்காணிப்பு விவரமோ எடுத்தவர்கள். கூச்சல் போட்ட கூட்டம் வேறு, அடிபட்ட கூட்டம் வேறு.

எவ்வளவு அவகாசம் கொடுப்பார்கள்?

எழுதி வைத்த கொள்கை இருக்கிறது. ஆல்பா ஏபிஐக்கு அவகாசமே கிடையாது. பீட்டா ஏபிஐ, டெப்ரிகேட் ஆன பிறகு 9 மாதம் அல்லது 3 வெளியீடு, இரண்டில் எது நீளமோ அதுவரை இயங்கும். ஸ்டேபிள் ஏபிஐயை டெப்ரிகேட் செய்யலாம், ஆனால் அதே பெரும் பதிப்புக்குள் நீக்கக் கூடாது. குபெர்னெட்டீஸ் இன்னும் 1.சம்திங்கிலேயே இருப்பதால், நடைமுறையில் நீக்கவே மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கட்டளை வரித் தேர்வுகளுக்கும் ஃபீச்சர் கேட்களுக்கும் தனிக் கணக்குகள் உண்டு, ஏபிஐயைவிடக் குறைவான காலம்.

அவகாசம் கூட்டினால் எல்லோரும் மாறிவிடுவார்களா?

பைத்தான் 2ஐக் கேட்டுப் பாருங்கள். 2008இல் பைத்தான் 3 வந்தது. 2.7க்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்தது. யாரும் நகராததால் 2014இல் அதை 2020 வரை நீட்டினார்கள். 2020 ஜனவரி 1 நெருங்கிய அந்தக் கடைசி வருடத்தில்தான் பாதிப் பேர் பழைய ஸ்கிரிப்டைத் திறந்தே பார்த்தோம். நானும் அதில் சேர்த்தி.

1.22இல் உங்களுக்கு என்ன ஆயிற்று?

பழைய இன்கிரெஸ் பீட்டா சாளரங்கள் 2021 ஆகஸ்டில் 1.22இல் சாத்தப்பட்டன. அவற்றில் மூத்தது 1.14லேயே, அதாவது 2019இலேயே டெப்ரிகேட் ஆனது. இரண்டு வருடத்துக்கு மேல் நோட்டீஸ். எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வாயில்லை.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் கோப்புகளையெல்லாம் தேடி மாற்றினோம். வி1க்கு மாறுவது வெறும் பெயர் மாற்றம் இல்லை. பழையதில் சர்வீஸ்நேம், சர்வீஸ்போர்ட் என்று இரண்டு வரி நேராக இருந்தது. புதியதில் சர்வீஸ் என்ற தலைப்பின் கீழ் நேமும் போர்ட்டும், போர்ட்டின் கீழ் நம்பர் என்று உள்ளே உள்ளே போகும். பாத்டைப் என்ற புலம் முன்பு விருப்பம், இப்போது கட்டாயம். இன்கிரெஸ் விதிகளைச் செயல்படுத்தும் நிரலான இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ் கன்ட்ரோலரின் பழைய 0 வரிசைப் பதிப்புகள் 1.22இல் வேலை செய்யாது, 1.0க்குப் போக வேண்டும், அதையும் செய்தோம். ஸ்டேஜிங்கில் மேம்படுத்தினோம். எல்லாம் பச்சை. டீ குடிக்கப் போய்விட்டோம்.

திரும்பி வந்தால் ஒரு டெவலப்பர் நிற்கிறார். "அண்ணா, டிப்ளாய் ஆக மாட்டேங்குது." சார்ட்டைப் பார்த்தால் வி1தான் இருக்கிறது. ஹெல்மோ பழைய பீட்டா இன்கிரெஸ்ஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. இல்லாத ஒன்றை ஏன் தேடுகிறது?

ஹெல்ம் ஒவ்வொரு ரிலீஸையும் போட்ட பிறகு, போட்டது என்ன என்பதை கிளஸ்டருக்குள்ளேயே சீக்ரெட் என்ற வகைப் பொருளாகச் சேமிக்கிறது. அடுத்த முறை, பழைய மேனிஃபெஸ்ட்டையும் (போட்ட பொருள்களின் யாம்ல் வரையறை) புதியதையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் போடும். புதியது சரி. பழையதைப் படிக்கும்போதே "இப்படி ஒரு பதிப்பே இல்லையே" என்று நின்றுவிட்டது. அந்தச் சீக்ரெட்டை எடுத்து, பேஸ்64ஐ இரண்டு முறை அவிழ்த்து, ஜிஜிப்பைப் பிரித்தால் உள்ளே சாட்சாத் வி1பீட்டா1 உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் கிட் களஞ்சியத்தில் உள்ள கோப்புகளை மாற்றினோம், கிளஸ்டரின் ஞாபகத்தை மாற்றவில்லை. சேமித்த ரிலீஸில் ஏபிஐ பதிப்பை மாற்றி எழுதுவதற்கென்றே மேப்கியூப்ஏபிஐஸ் என்று ஒரு ஹெல்ம் செருகுநிரல் இருப்பது அன்று இரவுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேம்படுத்தும் முன்பே புது சார்ட்டை ஒருமுறை டிப்ளாய் செய்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

எச்சரிக்கை எங்கே வரும்? நாங்கள் எதையும் பார்க்கவில்லையே?

1.19 முதல், டெப்ரிகேட் ஆன ஏபிஐயைத் தொட்டாலே குபெக்டில் என்ற கட்டளைக் கருவி எச்சரிக்கும்: எந்தப் பதிப்பிலிருந்து டெப்ரிகேட், எந்தப் பதிப்பில் கிடைக்காது, பதிலாக எது, மூன்றும் ஒரே வரியில் வரும். ஆனால் டிப்ளாய் பண்ணுவது மனிதன் இல்லையே, பைப்லைன்தானே. பைப்லைன் லாக்கின் 400ஆவது வரியில் வரும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

அதனால் ஏபிஐ செர்வரின் மெட்ரிக்கைப் பாருங்கள். டெப்ரிகேட் ஆன ஏபிஐயை யாராவது கேட்டால், எந்த ஏபிஐ, எந்த வெளியீட்டில் நீங்கும் என்ற விவரத்தோடு ஒரு அளவீடு பதிவாகும். அதற்கு ஒரு அலர்ட் போட்டுவிடுங்கள். கேட்டது யார் என்று அது சொல்லாது. அதற்கு ஆடிட் லாக்தான் வழி. சார்ட்டுகளையும் கோப்புகளையும் தேட புளூட்டோ, கியூப்-நோ-டிரபிள் போன்ற கருவிகள் இருக்கின்றன.

இவையெல்லாம் செய்துவிட்டால் பாதுகாப்புதானே?

ஏபிஐ அளவில், ஆமாம். கொள்கை காக்காத மூலைகள் உண்டு. 2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் 314 நிமிடம் கீழே கிடந்தது. 3.14 என்ற பை எண்ணை நினைவூட்டும் பை நாளில் (மார்ச் 14) 314 நிமிடம், அவர்களே பிறகு தங்கள் அறிக்கையில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். நடந்தது 1.23இலிருந்து 1.24க்கு ஒரு மேம்படுத்தல். கிளஸ்டரை நிர்வகிக்கும் நோடுகளில் ஒட்டியிருந்த மாஸ்டர் என்ற லேபிளுக்குப் பதிலாகக் கன்ட்ரோல்-பிளேன் என்ற லேபிள் 1.20இல் வந்தது, பழையது 1.24இல் எடுக்கப்பட்டது. முறையான அறிவிப்பு, போதுமான அவகாசம், எல்லாம் சரி. ஆனால் அவர்களுடைய பிணைய மென்பொருளான காலிகோ, பிணையப் பாதைகளை மற்றவற்றுக்குச் சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டர் நோடுகளை அந்தப் பழைய லேபிளை வைத்துத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. லேபிள் போனதும் தேர்வில் யாரும் இல்லை. பாதை சொல்ல ஆள் இல்லாமல் கிளஸ்டரின் பிணையம் சரிந்தது.

லேபிள் என்பது வெறும் எழுத்து. இல்லாத லேபிளைத் தேடுவது பிழையே இல்லை, விடை பூஜ்யம், அவ்வளவுதான். எந்தக் கருவி இதற்கு எச்சரிக்கும்?

சிக்கல் வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாமே?

கிளஸ்டரின் நிர்வாகப் பகுதியான கன்ட்ரோல் பிளேனைப் பின்னோக்கி இறக்க ஆதரிக்கப்பட்ட வழி கிடையாது. ரெட்டிட் குழு கடைசியில் பேக்கப்பிலிருந்துதான் மீட்டது. மேம்படுத்தும் முன் எட்சிடி பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

பீட்டாவிலேயே செத்துப்போன அம்சங்கள் உண்டா?

உண்டு, பெரிதாகவே. பாட் செக்யூரிட்டி பாலிசி, சுருக்கமாகப் பிஎஸ்பி. ஒரு பாட் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடலாமா, நோடின் கோப்புகளைத் தொடலாமா என்று கட்டுப்படுத்துவது. பல வருடம் பீட்டாவாக இருந்தது, எத்தனையோ நிறுவனங்களின் பாதுகாப்புத் தணிக்கை அதன் மேல்தான் நின்றது. ஆனால் வடிவமைப்பே குழப்பம்: ஒரு பாடுக்கு எந்தப் பாலிசி பொருந்தியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், நினைத்ததைவிட அதிக அனுமதி தெரியாமல் கொடுத்துவிடுவது சுலபம். திருத்தினால் இருப்பவர்களுக்கு உடையும். ஆகவே 1.21இல் டெப்ரிகேட், 2022 ஆகஸ்டில் 1.25இல் நீக்கம். மாற்றான பாட் செக்யூரிட்டி அட்மிஷன் 1.22இல் ஆல்பா, 1.23இல் பீட்டா, பழையது போன அதே 1.25இல் ஸ்டேபிள். ஒரு வண்டி போகும்போது அடுத்தது நடைமேடையில் நிற்க வேண்டும் என்று பார்த்துச் செய்த வேலை. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. பிஎஸ்பி பாடை மாற்றியமைக்கவும் செய்யும், புதியது அனுமதிக்கும் அல்லது மறுக்கும், அதோடு சரி. அந்த வித்தியாசத்தில் பலர் கைவேர்னோ, கேட்கீப்பர் போன்ற தனிப் பாலிசிக் கருவிகள் பக்கம் போனார்கள்.

இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ் ஓய்வு பெறுகிறது என்கிறார்களே, இன்கிரெஸ்ஸே போகிறதா?

இரண்டும் வேறு. இன்கிரெஸ் என்ற ஏபிஐ ஸ்டேபிள். புது அம்சம் எதுவும் சேர்க்க மாட்டார்கள், ஆனால் நீக்கும் பேச்சு இல்லை. ஓய்வு பெறுவது, அந்த ஏபிஐயைச் செயல்படுத்தும் கன்ட்ரோலர்களில் மிகப் பிரபலமான ஒன்று. 2025 நவம்பரில் அறிவித்தார்கள்: 2026 மார்ச் வரை முடிந்த அளவு பராமரிப்பு, அதன் பிறகு வெளியீடோ பிழைத் திருத்தமோ பாதுகாப்புத் திருத்தமோ வராது.

இது மேலே சொன்ன ஓய்வுகளின் ரகம் இல்லை. காரணம் தொழில்நுட்பம் மட்டும் அல்ல, ஆள் இல்லை. உலகம் முழுக்க ஓடும் அந்தக் கன்ட்ரோலரைப் பல வருடமாக ஓரிருவர் தங்கள் சொந்த நேரத்தில் பராமரித்து வந்தார்கள். 2025 மார்ச்சில் அதில் ஒரு கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஒரு காலத்தில் வசதி என்று கொண்டாடிய, என்ஜின்எக்ஸ் கட்டமைப்பை அனோட்டேஷனில் (இன்கிரெஸ்ஸோடு ஒட்டும் கூடுதல் குறிப்பு) நேரடியாக எழுதும் துணுக்குகள் இப்போது பாதுகாப்புத் தலைவலி. ஒன்பது மாதம், மூன்று வெளியீடு என்ற கணக்கெல்லாம் ஏபிஐக்குத்தான். ஆள் இல்லாமல் போவதற்கு எந்தக் கொள்கையும் அவகாசம் தராது. ஏபிஐ மட்டத்தில் மாற்று கேட்வே ஏபிஐ, 2023 அக்டோபரில் 1.0 ஆகி ஸ்டேபிள். அதற்கு இப்போதே போவதா, வேறு இன்கிரெஸ் கன்ட்ரோலருக்கு மாறி மூச்சு விட்டுக்கொள்வதா என்பது உங்கள் அனோட்டேஷன்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிப் பாருங்கள், பயமாக இருக்கும்.

எங்கள் சொந்த ஏபிஐக்கு இதில் எதை எடுத்துக்கொள்ளலாம்?

மூன்று நிலையும் கொள்கை ஆவணமும் பத்துப் பேர் குழுவுக்குத் தேவையில்லை. பதிலில் தேதியை அனுப்புங்கள்: டெப்ரிகேஷன், சன்செட் என்ற எச்டிடிபி தலைப்புகள் இதற்கென்றே தரப்படுத்தப்பட்டவை. சன்செட் 2019இல் வந்தது, டெப்ரிகேஷன் 2025இல். பழைய பதிப்பை யார் அழைக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எண்ணாமல் தேதி குறிக்காதீர்கள். கடைசியாக, தேதிக்கு முன்பே ஓரிரு முறை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் அணைத்துப் பாருங்கள். கிட்டுக்குக் கடவுச்சொல் வழி நுழைவதை 2021 ஆகஸ்ட் 13 அன்று நிறுத்திய கிட்ஹப், அதற்கு முன் இப்படிச் சில மணி நேரம் நிறுத்திக் காட்டியது. நூறு மின்னஞ்சல் எழுப்பாதவர்களை ஒரு மணி நேர மின்வெட்டு எழுப்பிவிடும்.

மேனேஜர் "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்கிறார். என்ன சொல்வது?

குபெர்னெட்டீஸின் ஒரு வெளியீட்டுக்கு ஆதரவு 12 மாதம், அதற்கு மேல் 2 மாதம் பராமரிப்பு மட்டும். அமேசானின் மேலாண்மைக் கிளஸ்டர் சேவையில் 14 மாதம் வழக்கமான ஆதரவு, அதன் பிறகு 12 மாதம் நீட்டிப்பு. வழக்கமான காலத்தில் ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர், நீட்டிப்புக்குள் போனதும் 0.60. 30 நாள் மாதத்துக்கு 72 டாலர் இருந்த இடத்தில் 432. உங்களிடம் எத்தனை கிளஸ்டர் இருக்கிறதோ அதால் பெருக்கி, அந்த எண்ணை மட்டும் அனுப்புங்கள். டெப்ரிகேஷன் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.